கூடுதல் ஒரு மணி நேரம்

மாற்கு நற்செய்தியில் மட்டும் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு (மாற்கு 7 : 31-37). காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரைத் தெக்கப்பொலிப் பகுதியில் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர்மீது கை வைக்குமாறு வேண்டுகிறார்கள். சுற்றிலும் கூட்டம். அக்கூட்டத்தின் நடுவிலேயே ஒரு சொல்லால் ஆண்டவர் அவரைக் குணப்படுத்தியிருக்க முடியும். பார்த்தவர்களும் இன்னும் அதிகமாக வியந்திருப்பார்கள். ஆனால் இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். பிறகு தம் விரல்களை அவருடைய காதுகளில் இடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நாம் இப்பகுதியை வைத்து மறையுரை ஆற்றிவருகிறோம். பெரும்பாலும் 'எப்பத்தா' என்னும் சொல்லிலேயே நின்றுவிடுவோம். திருமுழுக்குச் சடங்கில் அச்சொல் இன்றும் ஒலிப்பதால் அதை விளக்குவது எளிது. ஆனால் 'தனியே' என்ற சொல்லை நாம் கவனித்ததில்லை. செவிகளால் கேட்க இயலாத ஒருவருக்கு விளங்கக்கூடிய மொழி தொடுதலும் சைகையுமே என்று அறிந்து, ஆண்டவர் முதலில் அந்த மொழியிலேயே அவரோடு பேசினார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். அவருக்கே அது தெரியாது.

அவருக்குப் பார்வை மிகக் குறைவு. புத்தகத்தைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தால் பெரிய எழுத்துகள் தெரியும், கரும்பலகை தெரியாது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவர் சொல்லச் சொல்ல எழுத ஒருவரைத் தந்தார்கள். கூடுதலாக ஒரு மணி நேரமும் தந்தார்கள். நல்ல மதிப்பெண் பெற்றார். ஒரு கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். பருவத் தேர்விலும் அதே ஏற்பாடு உண்டு என்று அலுவலகத்தில் உறுதி கூறினார்கள். ஆனால் பருவத் தேர்வுக்கு முன் அக மதிப்பீட்டுத் தேர்வு வருகிறது. அது அந்தந்தப் பேராசிரியரின் கையில் இருப்பது. தேர்வன்று காலை, வகுப்பில் எழுந்து நின்று தம் தேவையைச் சொன்னார். "இங்கே எல்லாருக்கும் ஒரே நேரம்தான். உனக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று பேராசிரியர் கேட்டார். "யாரும் சிரிக்கவில்லை, ஃபாதர். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை" என்றார் இளைஞர் நம்மிடம். அறுபது பேரும் தம்மைத் திரும்பிப் பார்த்ததை அவர் காணவில்லை. பெஞ்சுகள் கிரீச்சிட்ட ஓசையால் அறிந்துகொண்டார்.

நாம் அவருக்கு என்ன சொன்னோம்? தோளில் கைவைத்துப் பொறுத்துக்கொள்ளச் சொன்னோம். இத்துன்பத்தை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கச் சொன்னோம். ஜெபமாலை ஒன்றும் கொடுத்தனுப்பினோம். அவரும் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். இரண்டாம் பருவத்தோடு அவர் கல்லூரியை விட்டு நின்றுவிட்டார் என்பதே அவருடைய தாயார் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

அப்பேராசிரியரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கொடியவர் அல்லர். ஏழை மாணவர் சிலருக்குத் தம் சம்பளத்திலிருந்து கட்டணம் செலுத்தியவர் என்று பிறகு அறிந்தோம். நடுநிலை தவறக்கூடாது என்ற எண்ணத்தில்தான் மறுத்தார். தவறிய இடம் ஒன்றுதான் என்றால், அங்கே அவருக்குப் பக்கத்தில் நாமும் நிற்கிறோம். பார்வைக் குறைவு ஒருவேளை அந்த இளைஞரின் சிலுவையாக இருக்கலாம். அறுபது பேர் முன்னிலையில் எழுந்து நின்று கெஞ்ச நேர்ந்தது சிலுவை அன்று. அது வேறொருவரின் கவனக்குறைவு. பிறருடைய கவனக்குறைவுக்குச் சிலுவை என்று பெயர்சூட்டி எளியவரின் தோளில் ஏற்றிவிடுவது குருக்களாகிய நமக்கு மிக எளிதாக வருகிறது.

எல்லாருக்கும் ஒரே நேரம் என்பது நீதியா? திராட்சைத் தோட்ட உவமையில் விடியற்காலையில் வந்த வேலையாள்களும் இக்கேள்வியைத்தான் கேட்டார்கள். கடைசியில் வந்தவர்களை எங்களோடு சமமாக்கிவிட்டீரே என்று முணுமுணுத்தார்கள் (மத்தேயு 20). ஆயினும் அந்த உவமையை இங்கே பயன்படுத்த நாம் சற்றுத் தயங்குகிறோம். அங்கே நிலக்கிழார் காட்டியது தாராள மனம். நாம் பேச வந்தது தாராளத்தைப் பற்றி அன்று. மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம் தருவதில் தாராளம் எதுவும் இல்லை. வரலாற்றுத் தேர்வு எதை அளக்கிறது? 1806-ஆம் ஆண்டு வேலூரில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்பது மாணவருக்குத் தெரியுமா, அதை ஒழுங்குபட எடுத்துரைக்கத் தெரியுமா என்பதை அளக்கிறது. வினாத்தாளைக் கன்னத்தில் ஒட்டி ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பவரையும் ஒரே பார்வையில் படித்து முடிப்பவரையும் ஒரே கடிகாரத்தின் கீழ் உட்காரவைத்தால், அளக்கப்படுவது வரலாற்று அறிவு அன்று, கண். தட்டச்சுத் தேர்வு என்றால் கதை வேறு. அங்கே வேகமே அளக்கப்படும் பொருள். ஆகவே பேராசிரியர் ஒருவர் தம்மைத்தாமே முதலில் கேட்டுக்கொள்ளவேண்டியது இது: இந்தத் தாளில் நான் சோதிக்க விரும்புவது எதை? அதற்கு நேர்மையான விடை கிடைத்துவிட்டால், மாற்றக்கூடாதது எது, மாற்றிக்கொள்ளத்தக்கது எது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் அளவை ஒரு துணையாளர் பார்த்துச் சொல்லலாம். எதை எவ்வளவு சேர்ப்பது, கிடைத்த எண்ணிலிருந்து எதைக் கணிப்பது என்பவற்றை மாணவரே முடிவுசெய்யவேண்டும். சில இடங்களில் கோடு இவ்வளவு தெளிவாக இராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அங்கே மாணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசித்தான் தீர்க்கவேண்டும்.

திருச்சபையே இப்பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. லேவியர் நூல் 21-ஆம் அதிகாரம், ஆரோன் வழிவந்தவர்களுள் பார்வையற்றவரும் கால் ஊனமுற்றவரும் பலிபீடத்தை அணுகலாகாது என்றது. அதன் நிழல் நெடுங்காலம் நீடித்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருப்பணியைத் தக்கவாறு ஆற்றவிடாத உடற்குறையைக் குருப்பட்டத்துக்குத் தடைகளுள் ஒன்றாக எண்ணியது. வலிப்பு நோயையும் அவ்வாறே எண்ணியது. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பில் அந்தத் தடைகள் இல்லை. மாறாக, அதன் 930-ஆம் விதி, பார்வையற்ற குரு ஒருவர் ஒப்புதல் பெற்ற எந்தத் திருப்பலிப் பாடத்தையும் பயன்படுத்தலாம் என்றும், தேவையானால் மற்றொரு குருவோ திருத்தொண்டரோ தக்க பயிற்சி பெற்ற பொதுநிலையினரோ அவருக்குத் துணைநிற்கலாம் என்றும் கூறுகிறது. நிற்க இயலாத குரு உட்கார்ந்து திருப்பலி நிறைவேற்றவும் அதில் இடமுண்டு. அவ்வாறு நிறைவேற்றப்படும் திருப்பலியை அரைத் திருப்பலி என்று யாரேனும் சொல்வார்களா? அப்பமும் இரசமும் மாறவில்லை. வார்த்தைகளின் வல்லமை குறையவில்லை. பலிபீடத்தில் நாம் ஏற்றுக்கொண்டதைத் தேர்வுக்கூடத்தில் ஏற்க ஏன் இவ்வளவு தயக்கம்?

நாட்டின் சட்டத்தில் தயக்கம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெற்றவை ஏழு வகைக் குறைபாடுகள், இதில் இருபத்தொன்று. கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபிலியா போன்ற வெளிக்குத் தெரியாதவையும் இவற்றுள் அடங்கும். அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்கள் குறைந்தது ஐந்து விழுக்காடு இடங்களை ஒதுக்கவேண்டும். இவை பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று இச்சட்டத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் தாங்கும் ஆற்றலுக்கு மிஞ்சாத, தேவையான மாற்று ஏற்பாட்டை ஒருவருக்கு மறுப்பதே பாகுபாடு என்று அது வரையறுக்கிறது. அதாவது, திட்டியிருக்க வேண்டியதில்லை, வெளியேற்றியிருக்க வேண்டியதில்லை. 'எல்லாருக்கும் ஒரே நேரம்' என்று கனிவாகச் சொல்லியிருந்தாலும் பாகுபாடுதான். தேர்வில் மணிக்குக் குறைந்தது இருபது நிமிடம் கூடுதலாகத் தரவேண்டும் என்பது மைய அரசு 2013-இலேயே வெளியிட்ட நெறிமுறை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுடைய ஒருவர் தொடுத்த வழக்கில், சொல்வதை எழுதுபவரின் உதவியை நாற்பது விழுக்காட்டுச் சான்று பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது என்று சுருக்க இயலாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் சட்டம் கல்லூரி அலுவலகத்தின் வாசல்வரை வரும். வகுப்பறைக்குள் வருவது ஆசிரியரின் முகம். மாணவர் அந்த முகத்தைப் பார்த்துத்தான், கேட்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்கிறார். பலர் கேட்பதே இல்லை. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற மறைக்கல்விப் பள்ளிக்குத் தலைமை ஏற்றிருந்த திதிமுஸ், குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். பலகையில் செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவிக் கற்றவர் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. புனித ஜெரோம் அவரிடம் பாடம் கேட்டார். வனத்துப் புனித அந்தோனியார் இந்தத் திதிமுஸைச் சந்தித்தபோது, கண்ணிழந்ததற்காக வருந்துகிறீரா என்று வினவினார். திதிமுஸ் விடை சொல்லவில்லை. மீண்டும் கேட்டார், மௌனம். மூன்றாம் முறை கேட்டபோதுதான் ஆம் என்றார். ஜெரோமே ஒரு மடலில் எழுதியிருக்கும் செய்தி இது. அந்தோனியார் அதன்பின் கூறிய ஆறுதலைத்தான் வழக்கமாக எடுத்துரைப்பார்கள். நம் மனத்தில் நிற்பதோ அந்த இரண்டு மௌனங்கள். அவ்வளவு பெரிய அறிஞருக்கே அதைச் சொல்ல நா எழவில்லை என்றால், சிற்றூரிலிருந்து வந்து முதலாமாண்டில் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு எப்படி எழும்?

எனவே ஆசிரியர்தாம் முதலில் கேட்கவேண்டும். அதற்கு வழி எளியது. பருவத்தின் முதல் நாளில், பெயர் எதையும் குறிப்பிடாமல், "படிப்பதிலோ எழுதுவதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ ஏதேனும் ஏற்பாடு வேண்டுவோர் என் அறைக்கு வந்து சொல்லலாம், அது நம் இருவருக்குள் இருக்கும்" என்று வகுப்பு முழுமைக்கும் பொதுவாகச் சொல்லிவிடலாம். அரை நிமிடம் ஆகும். வந்தவரிடம் சான்றிதழைக் கேட்பதற்கு முன், உனக்கு எது உதவும் என்று கேட்கலாம். எரிகோவின் சாலையோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயுவைப் பார்த்தவர் எவருக்கும் அவருடைய தேவை இன்னதென்று தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் இயேசு அவரிடம் கேட்டார். நாமோ நாமே ஊகித்துக்கொள்கிறோம். பார்வை குறைந்தவர் என்றதும் பிரெயில் நூலைத் தேடுகிறோம். அவருக்கு வேண்டியது வினாத்தாளில் பெரிய எழுத்தாக இருக்கலாம்.

பாடக் குறிப்புகளைப் பற்றி ஒரு சொல். பார்வையற்ற மாணவர் பலர் இன்று கணினித் திரையில் உள்ளதை ஒலியாகப் படித்துக்காட்டும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். ஆனால் பேராசிரியர் தம் குறிப்புகளைப் பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து கொடுத்தால், அக்கருவி அவற்றைத் தமிழாக அறியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளை உளறும். யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் அழகாகப் படிக்கும். புத்தகப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாலும் பயனில்லை. அந்தக் கருவிக்கு அது வெறும் படம். இந்தச் சிறு செய்தி தெரியாததால் ஒரு பருவம் முழுவதும் வெற்றுத்தாளைப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் உண்டு. பதிப்புரிமை பற்றிய அச்சமும் வேண்டியதில்லை. அச்சைப் படிக்க இயலாதவருக்காக நூலை வேறு வடிவில் தர 2012-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியா.

காது கேளாத மாணவர் நம் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று எண்ணிவிடுகிறோம். கண்ணாடி முன் நின்று 'பணம்' என்றும் 'மணம்' என்றும் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே விதமாகத்தான் அசையும். ககரம் தொண்டையருகே பிறப்பதால் வெளியே தெரியவே தெரியாது. இந்நிலையில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால், உள்ளதும் போய்விடும். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுவதும், பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்ட வினாவைத் தாம் ஒருமுறை திருப்பிச் சொல்வதும், புதிய சொற்களை முன்னாளே எழுதிக்கொடுப்பதும் செலவில்லாதவை. தலசீமியா உடைய மாணவர் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றிக்கொள்ள மருத்துவமனை செல்லவேண்டும். அவருடைய வருகைப்பதிவைச் சோம்பேறியின் வருகைப்பதிவோடு ஒன்றாக எண்ணுவது அறமாகாது.

இங்கே மறுபக்கம் ஒரு தவறும் உண்டு. சிலர் மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல், இறுதியில் விடைத்தாளைப் படிக்காமலேயே தேர்ச்சி மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். பாவம், எப்படியோ பிழைத்துப் போகட்டும் என்கிறார்கள். நம்மைக் கேட்டால் மறுப்பதைவிட இதுவே அதிகம் இழிவுசெய்வது. மறுத்தவர் நேரத்தைத்தான் மறுத்தார்; இவரோ இம்மாணவரால் எதுவும் கற்க இயலாது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். தவறான விடைக்குச் சிவப்பு மையால் சுழியிடப்படும் உரிமை அந்த மாணவருக்கும் உண்டு.

போலிச் சான்றிதழ்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கலாம். எத்துறையில்தான் போலி இல்லை? சான்றிதழைச் சரிபார்க்க மருத்துவக் குழுவும் அலுவலகமும் உள்ளன. வகுப்பாசிரியர் அந்த வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் ஐயக்கண்ணோடு நோக்கினால், களைகளைப் பிடுங்கப்போய்க் கோதுமையையும் சேர்த்துப் பிடுங்குவார். குறிப்பாக எழுத்துகள் இடம்மாறித் தோன்றும் கற்றல் குறைபாடு முகத்தில் தெரிவதில்லை. 'நன்றாகத்தானே பேசுகிறாய், எழுதமட்டும் ஏன் வராது?' என்ற கேள்வியைப் பள்ளி முதல் கேட்டுக் கேட்டுத் தளர்ந்துபோனவர்கள் அவர்கள்.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். சென்னை இலொயோலாக் கல்லூரி மாற்றுத்திறனாளி மாணவருக்கென வள மையம் ஒன்றை ஏற்படுத்தியது. அடையாற்றில் காது கேளாதோருக்கெனவே புனித லூயி கல்லூரி தோன்றியது. இவை பெருமைக்குரியவை. ஆனால் இப்பெருமையே சில இடங்களில் சாக்காகிவிடுகிறது. 'அங்கே எல்லா வசதியும் இருக்கிறதே, அங்கே சேரலாமே' என்று அன்போடு வாசலைக் காட்டுகிறார்கள். தம் ஊரிலேயே, தம் நண்பர்களோடு, பேருந்தில் இருபது நிமிடத்தில் போய்வரக்கூடிய கல்லூரியில் படிக்க விரும்புவது பேராசையா?

அந்த இளைஞர் இப்போது தம் அண்ணனின் மளிகைக் கடையில் இருக்கிறார். எடை போடும் இயந்திரத்தின் எண்களை முகத்தருகே வைத்துப் படிப்பார். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருவார். தம் கதையை இங்கே எழுத இசைவு தந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். சென்ற ஆண்டு, காதில் கருவி பொருத்தியிருக்கும் தம் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். அந்தப் பெண் கல்லூரியில் சேரப்போகிறார். துறைத்தலைவருக்கு நாம் ஒரு கடிதம் தரவேண்டும் என்றார். உடனே எழுதினோம். எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னார். 'இப்பிள்ளையின் நிலைக்கு இரக்கம் கூர்ந்து' என்று தொடங்கியிருந்தோம்.

"அந்த வரி வேண்டாம், ஃபாதர்" என்றார். "அவளுக்கு முன்வரிசையில் இடம் வேண்டும், பாடக் குறிப்பு முந்தின நாளே வேண்டும். அதை மட்டும் எழுதுங்கள். அதையும் வகுப்பில் வைத்துப் பேசவேண்டாம் என்று எழுதுங்கள்."

வேறு தாளில் எழுதினோம். நான்கு வரிதான் வந்தது. திங்கட்கிழமை காலை மூவருமாகப் பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போனோம்.